அம்மா வண்டியில் ஏறாத நாள்

குட்டிக்குக் காய்ச்சல் விடவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த சூடு, விடியும்போது மறுபடியும் ஏறியிருந்தது. தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுப் பாப்பா போனை எடுத்தாள்.

பாப்பா கைக்குழந்தை இல்லை. முப்பதைத் தாண்டியவள், ஒரு பெண்ணுக்குத் தாய், ஆபீசில் நாலு பேரை வேலை வாங்குகிறவள். பெற்றவர்கள் வைத்த செல்லப்பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் அவள் மகளுக்கு வேறு வழியில்லாமல் 'குட்டி' என்ற பெயர்தான் மிஞ்சியது.

"அம்மா, இன்னிக்கு வந்து குட்டியைப் பார்த்துக்கறியா? அவரு வேலையா வெளியூர் போயிருக்காரு. எனக்கு இன்னிக்கு லீவு போடவே முடியாது. ஆபீசுல செஞ்ச மொபைல் ஆப்பைக் கடைசியா ஒரு தடவை சரிபார்க்கிற நாள்."

பேத்தி தும்மினாலே ஓடி வருகிற அம்மா, உடனே பதில் சொல்லவில்லை.

"வண்டிக்குப் போகணுமே பாப்பா."

வண்டி என்றால் பள்ளிக்கூட வேன். அப்பா அதை ஓட்டத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு அம்மா கிளம்பியது இப்போதுதான், கோடை விடுமுறை முடிந்த பிறகு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்றாள். முட்டிவலியோடு இந்த வயதில் எதற்கு என்று பாப்பா சண்டை போட்டும் கேட்கவில்லை. தினமும் அப்பாவுக்குப் பக்கத்தில், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள்.

"ஒரு நாள்தானேம்மா? இத்தனை வருஷம் அப்பா தனியா ஓட்டலையா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மா உரக்கச் சொல்வது கேட்டது. பிறகு அப்பாவின் குரல், எங்கோ தூரத்திலிருந்து: "போயிட்டு வா. நான் என்ன பச்சைப் பிள்ளையா?"

அம்மா வந்தாள். குடையை மடக்குவதற்குள் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தாள்.

"மழை வலுக்கும்போல இருக்கே."

"அதுக்கென்னம்மா? அப்பா ஓட்டாத மழையா?"

"அதில்ல. பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள நீ வந்துடுவியா? நான் அந்த நேரத்துக்காவது போயிடறேன்."

"பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள் பாப்பா. அம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்ததை அவள் கவனித்தாள். குட்டியின் காய்ச்சலை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டாள்.

*

பாப்பாவின் ஆபீஸ் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரே ஒரு நீள அறை. ஒரு வருஷமாக அங்கே ஒரு செயலி உருவாகிக்கொண்டிருந்தது. காது மந்தமாகி, புதிதாகக் கருவி மாட்டிக்கொண்டவர்கள் வீட்டிலிருந்தே கேட்டுப் பழக. பேச்சு குழறிப்போனவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிப் பழக.

செயலி ஒரு சொல்லைச் சொல்லும். கேட்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, சரியான படத்தைத் தொட வேண்டும். சொன்னது கல்லா பல்லா, தட்டா பட்டா, காலா வாலா? முதலில் அமைதியில், அப்புறம் ஃபேன் ஓடும் சத்தத்தோடு, அப்புறம் தெருவின் இரைச்சலோடு.

திரை முழுவதும் பாப்பாவின் கைவண்ணம். பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நடுங்கும் விரல் தவறித் தொட்டால் என்ன செய்வது, பாதியில் விட்டுப் போனவரை அலுக்காமல் எப்படித் திரும்ப அழைப்பது எல்லாம் அவள் யோசித்தது. பதில் சொல்லத் திணறுகிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்று, மைக்கைச் சட்டென்று மூடாமல் கொஞ்ச நேரம் திறந்தே வைத்ததும் அவள்தான்.

சரிபார்க்க வந்திருந்தவர், ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்யும் நிபுணர். ஆபீசில் எல்லாருக்கும் அவர் மேடம். சிரிக்கும்போதுகூடப் பாதிச் சிரிப்பில் எதையாவது கண்டுபிடித்துவிடுகிற ஆள்.

ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஆபீசில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுப் பெரியவர்களை வைத்து முயன்று பார்த்திருந்தார்கள். மேடம் அந்தப் பதிவுகளைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இவரு யாரு? அறுபதை நெருங்கின ஆம்பளை. தெரு இரைச்சல்ல கூட ஒண்ணும் தப்பு விடல. இந்த வயசுல இப்படி ஒரு காதா?"

"எங்கப்பா மேடம்" என்றாள் பாப்பா பெருமையாக. "வேன் ஓட்டறாரு."

"கேட்டுப் பார்த்துடுவோமே."

மேடம் பதிவைத் தட்டினார். செயலி 'கல்' என்றது. 'கல்' என்று ஒரு தடித்த குரல் திருப்பிச் சொன்னது. 'தட்டு' என்றது. 'தட்டு.' தொண்டையை அடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கீழே இறக்கிய குரல். ஜலதோஷம் பிடித்த வில்லன் பேசுவதுபோல் இருந்தது. நடுவில் ஒரு இருமல் வந்தது. அந்த இருமல் சுத்தமான பெண் இருமல்.

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாப்பாவும் சிரித்தாள். "ஐயோ, இது எங்கம்மா. அவருக்குப் பதிலா இவங்க செஞ்சிருக்காங்க."

மேடம் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "எதுக்கு?"

"சோம்பேறித்தனம்தான் மேடம். அப்பாவுக்கு இதெல்லாம் பொறுமை கிடையாது."

"இதுக்கு முன்னால ஒரு பதிவு இருக்கே. பாதியில விட்டது. அதே நாள்."

மேடம் மற்றவர்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலும் மறுபக்கத்தைப் பாப்பாவின் காதிலும் வைத்தார்.

இது அப்பாவின் குரல். சந்தேகமே இல்லை.

செயலி 'கல்' என்றது. அப்பா, "பல்" என்றார். 'தட்டு' என்றது. கொஞ்சம் யோசித்து, "பட்டு" என்றார். 'கால்' என்றதற்கு, "வால்... இல்ல, பால்" என்றார். ஃபேன் சத்தம் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. செயலி மட்டும் பொறுமையாக ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனது.

பிறகு அப்பா பேசினார். "இது நின்னு போச்சா?"

"இல்லங்க. ஓடிக்கிட்டுதான் இருக்கு." இது அம்மா. சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக.

செயலி இன்னொரு சொல்லைச் சொன்னது. பிறகு மறுபடி அப்பா.

"நீயே பண்ணிடு. பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா வண்டி போயிடும்."

பாப்பா ஹெட்போனைக் கழற்றினாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இவரு இன்னும் வண்டி ஓட்டறாரா?" என்று கேட்டார் மேடம்.

*

அப்பா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொட மாட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"குட்டி தூங்கறா. சூடு குறைஞ்சிருக்கு."

"அம்மா, அப்பாவுக்குக் காது கேக்காதா?"

அம்மா அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்னைத்தாம்மா கேக்கறேன்."

"கொஞ்சம்தான் பாப்பா. முன்னால நின்னு பேசினா புரிஞ்சுக்குவாரு. பின்னாலேருந்து வர்ற சத்தம்தான்..." அம்மாவின் குரல் உடைந்தது. "அதுக்குத்தானே நான் போறேன். யாராவது ஹார்ன் அடிச்சா தோளைத் தட்டுவேன். பிள்ளைங்க இறங்கினதும் கதவைச் சாத்திட்டு வந்து, போலாம்னு கையைக் காட்டுவேன். நான் காட்டாம அவரு வண்டியை எடுக்கவே மாட்டாரு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நீ கூப்பிட்டே."

பாப்பா படிகளில் இறங்கத் தொடங்கியிருந்தாள். லிப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.

"காலையில நல்லபடியா விட்டுட்டேன்னு மெசேஜ் போட்டாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஆனா காலையில வெறும் தூறல்தான் பாப்பா."

*

மழை இல்லாத நாளில் அப்பாவுக்கு அவ்வளவு பயம் கிடையாது. கண்ணாடிகள் இருந்தன. பக்கத்துக் கண்ணாடி இரண்டும், தலைக்கு மேல் பிள்ளைகளைக் காட்டும் கண்ணாடியும். காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும் என்று நம்பித்தான் ஓட்டிவந்தார்.

இன்றைக்குக் கண்ணாடிகளில் எல்லாம் வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மூடியது. மழை வேன் கூரையில் அடிப்பது, ஒரே சீராக 'ம்ம்ம்' என்று தலைக்குள் நிறைந்தது. பிள்ளைகளின் கூச்சல் எதுவும் அதைத் தாண்டி வரவில்லை.

காலியாக இருந்த முன் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவள் இருந்தால் துணியை எடுத்துத் துடைத்திருப்பாள்.

கதவைத் திறந்து மூடும் வேலையைப் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவாள். ஆனால் அவள் வீடும் வந்துவிட்டது. அவள் இறங்கிப் போனபின் மீதி இருந்ததெல்லாம் பொடிசுகள்.

இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

*

பள்ளிக்கூட வாசலில் வண்டி இல்லை. "இப்பத்தான் கிளம்பிப் போனாரு" என்றார் காவலாளி. பாப்பா ஸ்கூட்டரைத் திருப்பினாள். ரெயின்கோட் ஆபீஸ் நாற்காலியிலேயே கிடந்தது. உடம்பெல்லாம் நனைந்து, கண்ணிமையில் தண்ணீர் வழிந்தது.

வண்டி போகும் வழி அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி, மரக்கடையைச் சுற்றி, குடியிருப்புச் சந்துகளுக்குள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கூட்டத்தையும் உடைந்த கண்ணாடியையும் எதிர்பார்த்தாள். வெறும் தெருவைப் பார்த்ததும், அடுத்த திருப்பத்தில் இருக்குமோ என்று வேகத்தைக் கூட்டினாள்.

மரக்கடை தாண்டிய சந்தில் மஞ்சள் வேன் தெரிந்தது. நின்றிருந்தது. ஒரு சின்னப் பெண் குடையும் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பிஞ்சுக் கை கதவை இழுத்து மூடியது.

அப்பாடா என்று பாப்பா மூச்சு விட்டாள்.

வேன் நகர்ந்தது. இறங்கிய பெண்ணும் அதோடு நகர்ந்தாள்.

முதலில் பாப்பாவுக்குப் புரியவில்லை. பிள்ளை விளையாட்டுக்கு வேனோடு சேர்ந்து ஓடுகிறாள் என்று நினைத்தாள். குடை கையிலிருந்து நழுவி உருண்டது. அப்போதுதான் பார்த்தாள். பையின் வார் கதவு இடுக்கில் மாட்டியிருந்தது. மறுமுனை பிள்ளையின் தோளில்.

பாப்பா ஹார்னை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவில்லை. சந்தில் இருந்த வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன. ஒரு பால்கனியில் ஆள் எழுந்து நின்றார். வேனுக்குள் பிள்ளைகள் பின் கண்ணாடியில் கையால் அடித்துக் கத்துவது தெரிந்தது. தெருவே கேட்டது. வேன் போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா... அப்பா, நிறுத்துங்க."

வேகம் கூடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கால்கள் தடுமாறின. ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் மிதந்தது.

பாப்பா மறுபக்கமாக ஸ்கூட்டரை விட்டாள். சுவருக்கும் வேனுக்கும் இடையில் கைப்பிடி உரச உரச நுழைந்து, முந்தி, வேனுக்கு நேர் முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டாள்.

வேனின் முகம் அவளை நோக்கி வந்தது. வைப்பர் விலகிய ஒரு நொடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. பிரேக் கிறீச்சிட்டது. முட்டிக்கு ஒரு சாண் தள்ளி வேன் நின்றது.

"உனக்குப் பைத்தியமா?" அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "சாகப் பார்த்தியா?"

அவள் பதில் சொல்லாமல் ஓடி, பக்கக் கதவை இழுத்தாள். வார் விடுபட்டது. பிள்ளை அவள் கையில் சரிந்தாள். இரண்டு முட்டியும் தோல் உரிந்து ரத்தம். உள்ளங்கையில் சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றுமில்லை. கழுத்துக்கு ஒன்றுமில்லை. பாப்பா தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ளையின் இதயம் குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். வாரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிள்ளையின் முட்டியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறுவதைப் பாப்பா பார்த்தாள்.

பிள்ளையின் தாய் வீட்டிலிருந்து ஓடி வந்து அள்ளிக்கொண்டாள்.

"கதவு சரியில்லம்மா" என்றார் அப்பா. "நாளைக்கே பார்த்துடறேன்."

பிள்ளை தேம்பலுக்கு நடுவே சொன்னாள்: "மாமா, நாங்க எல்லாரும் கத்தினோமே."

அப்பா குனிந்து அவள் தலையைத் தடவினார். "ஆமாடா கண்ணு. நாளைக்கு வரலாம்."

அந்தத் தாய் ஒரு நொடி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும் முன் பாப்பாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஸ்கூட்டரைச் சந்தில் பூட்டிவிட்டுப் பாப்பா முன் சீட்டில் ஏறினாள். மீதிப் பிள்ளைகளை இறக்கும் வரை அப்பாவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தால் தட்டினாள். கதவு மூடினால் தட்டினாள். உலகத்தில் இத்தனை சத்தம் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது.



*

பாப்பாவின் வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு பேரையும் முழுசாகப் பார்த்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடந்ததைப் பாப்பா சொன்னாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளாப்பா இப்படி?" பாப்பா அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள்.

"போன வருஷத்திலேருந்து. கொஞ்சம் கொஞ்சமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் செய்யற வேலையே இதுதானே?"

"அதனாலதான் சொல்லல." அவர் தரையைப் பார்த்தார். "நீ சொன்னா டாக்டரு. டாக்டருன்னா மெஷின். மெஷினை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னா வண்டியைக் குடுப்பானா? ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "உன் ஆப்புல படமெல்லாம் நல்லா இருந்துச்சு பாப்பா" என்றார். "பட்டனெல்லாம் பெருசு பெருசா. சத்தம்தான் எனக்கு வரல."

பாப்பா அவர் கையைப் பிடித்தாள்.

"இனிமே நீங்க ஓட்டக் கூடாதுப்பா."

"ஒரு வாரம் பொறு. இவ வந்துடுவா கூட. அதுக்குள்ள மெஷின் பத்தி யோசிக்கலாம்."

"ஆமா பாப்பா" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "நான் இருந்த வரைக்கும் ஒரு கீறல் விழுந்துச்சா? கதவுன்னே இருக்கட்டும். அந்தம்மாவே கதவுன்னுதானே நினைக்கறாங்க?"

"அந்தப் பிள்ளை குட்டியா இருந்திருந்தா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளறையில் குட்டி தூக்கத்தில் முனகினாள்.

பாப்பாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மழையில் நனைந்த போனைக் காதில் வைத்தால் கரகரவென்று சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தாங்க, மரக்கடைச் சந்து. பிள்ளைக்கு மருந்து போட்டாச்சு." குரல் தயங்கியது. "ஒண்ணு கேக்கணும். அவ அழுதுகிட்டே சொல்றா, மாமாவுக்குக் காது கேக்காதுன்னு. பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியுமாம். விளையாட்டாப் பேசிக்குவாங்களாம். நிஜமாங்க?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்தாள்.

அப்பா பாப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி நின்று பேசியிருக்கலாம். அவள் திரும்பவில்லை.

"நிஜம்தாங்க" என்றாள். "எங்கப்பா நாளைக்கு வண்டி எடுக்க மாட்டாரு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அந்தத் தாய், குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"உங்கம்மா தினமும் அந்த வண்டியில வந்தாங்களே. பிள்ளைங்களை இடுப்புல தூக்கி இறக்கி விடுவாங்களே. அவங்களுக்கு இது தெரியுமா?"

அந்தக் கேள்வி அறை முழுக்கக் கேட்டது.

கண்ணைத் திறந்த அப்பா, மனைவியின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தார். "என்னவாம்?" என்று அவளிடம் கேட்டார். "போன்ல என்ன சொல்றாங்க?"

தினமும் அவர் தோளைத் தட்டிய கையால் அம்மா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.